முதல் ஹெலி: பேட்டரியா, நைட்ரோவா?

ஆர்சி, அதாவது ரேடியோ ரிமோட்டில் பறக்கும் மாடல் ஹெலிகாப்டர் ஓட்டக் கிளம்பும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதிலும் மாறும். நைட்ரோவில், அதாவது எரிபொருள் இன்ஜின் வகையில் பழகியவர்கள், "அந்தப் புகையும் சத்தமும் இல்லாமல் அது என்ன ஹெலி?" என்பார்கள். பேட்டரிக்காரர்கள், எண்ணெய் வழியும் அவர்களுடைய பெட்டியைக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்கு இரண்டு வகையும் பழைய சரக்காக, ஏறக்குறைய ஒரே சமயத்தில் கைக்கு வந்தன. இரண்டையும் பிரித்து, துடைத்து, பூட்டி, கோவைப் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்த அனுபவம் இது.

நைட்ரோ ஹெலி '30' அளவு. 30 என்பது இன்ஜினின் கொள்ளளவு, 0.30 கன அங்குலம், அதாவது 5 சி.சி.க்குக் கொஞ்சம் குறைவு. பிளேடு ஒவ்வொன்றும் 550 மி.மீ., மேலே பிளேடுகளோடு சுற்றும் ரோட்டரின் விட்டம் ஒன்றேகால் மீட்டர், எடை மூன்று கிலோவை ஒட்டி. மின்சார ஹெலி '450' வகை. பிளேடு 325 மி.மீ., விட்டம் 70 செ.மீ., பேட்டரியோடு சேர்த்து 800 கிராம் இருக்கும். தைவானின் அலைன் நிறுவனம் டி-ரெக்ஸ் 450-ஐக் கொண்டுவந்த பிறகு இந்த அளவு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பல கம்பெனிகள் அதே அளவில் செய்ததால் உதிரிபாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். பழையதை வாங்கிப் பழுதுபார்க்கிறவனுக்கு இது பெரிய சௌகரியம்.

இரண்டுமே கலெக்டிவ் பிட்ச் வகைதான். பொம்மைக் கடை ஹெலியில் மோட்டார் வேகமாகச் சுற்றினால் மேலே போகும், குறைந்தால் இறங்கும். இதில் ரோட்டர் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும்; பிளேடின் சாய்வுக் கோணம் மாறுவதால்தான் ஏற்றமும் இறக்கமும். கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கைத் தொட்டதும் ஹெலி உடனே கேட்கும். புதியவருக்குப் பயம் வருவதும் அங்கேதான்.

நைட்ரோவில் முதலில் கை வைத்தேன். பல வருடம் பரணில் கிடந்த உருப்படி. இந்த எரிபொருளில் கலந்திருக்கும் எண்ணெயில் விளக்கெண்ணெயும் இருப்பது வழக்கம். ஓட்டி முடித்த பிறகு டேங்கையும் இன்ஜினையும் காலி செய்யாமல் வைத்தால் அது உள்ளே அடிப்பிடித்த பாகு போல இறுகிவிடும். கிராங்க் ஷாஃப்ட் அசையவே இல்லை. ஹேர் டிரையரால் கிரான்க்கேஸைச் சூடாக்கி, ஓட்டை வழியாக மெல்லிய எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி விட்டு வைத்தேன். காலையில் கையாலேயே சுற்றியது. பலவந்தமாகத் திருப்பியிருந்தால் கனெக்டிங் ராட் போயிருக்கும்.

டேங்குக்குள் எரிபொருளை உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு சிறு உலோகக் குண்டு இருக்கும். ஹெலி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எரிபொருள் கிடக்கும் இடத்துக்கு அது உருண்டுபோக வேண்டும். அந்தச் சிலிக்கான் குழாய் விறைத்து, குண்டு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. வெளிக் குழாயிலும் மயிரிழை போல வெடிப்பு. குழாய் முழுவதையும் மாற்றினேன். நைட்ரோ இன்ஜின் நின்று நின்று போகிறது என்றால் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் திருகைத் தொடுவதற்கு முன்னால் குழாயைப் பாருங்கள். காற்று புகுகிற குழாயை வைத்துக்கொண்டு எத்தனை திருகு திருகினாலும் இன்ஜின் ஒரு நிலைக்கு வராது.

மெயின் ஷாஃப்ட் பேரிங்குகளில் துரு. இதற்கு இறக்குமதிப் பாகம் தேடவே வேண்டியதில்லை. பேரிங்கின் மேல் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6800 என்றால் உள்துளை 10 மி.மீ., வெளிவிட்டம் 19, தடிமன் 5. கோவையில் பேரிங் கடைக்கா பஞ்சம்? எண்ணைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்கள். கிளட்ச் லைனிங் தேய்ந்திருந்ததை மட்டும் பாகமாகவே வரவழைத்தேன். பழைய நிக்கல் கேட்மியம் ரிசீவர் பேட்டரி செத்துப்போயிருந்தது. அதையும் ரிசீவரையும் மாற்றி 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசைக்குக் கொண்டுவந்தேன். இதோடு இயந்திரம் தயார்.

இனி எரிபொருள். தமிழ்நாட்டில் நைட்ரோ பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற சங்கதி இது. 'நைட்ரோ' என்று பெயர் இருந்தாலும் பெரும்பங்கு மெத்தனால்தான். ஹெலிக்கு நைட்ரோமீத்தேன் 15 முதல் 30 சதவீதம், எண்ணெய் 20 சதவீதத்தை ஒட்டி, மீதியெல்லாம் மெத்தனால். கள்ளச்சாராயத்தில் கலந்து உயிரெடுக்கும் அதே மெத்தனால். 2023-இல் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நடந்த சாவுகளுக்குப் பிறகு அதன் மீது கண்காணிப்பு கடுமையாகிவிட்டது. அதை வாங்கவும் வைத்திருக்கவும் இங்கே உரிமம் வேண்டும். குடித்தால் பார்வையைப் பறிக்கும், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், எரியும்போது சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அலமாரியில் வைக்கிற பொருளே அல்ல. கூரியரிலும் அனுப்ப மாட்டார்கள். ஒரு பொறியியல் கல்லூரியின் ஏரோமாடலிங் குழுவினர் முறைப்படி எரிபொருள் வைத்திருந்தார்கள். என் ஹெலியை அவர்கள் மைதானத்துக்கே கொண்டுபோய் அங்கேயே ஓட்டினேன். அப்படி ஓர் இடம் உங்களுக்கு அமையவில்லையென்றால் இந்த விவாதமே முடிந்தது. பேட்டரிதான்.

இன்ஜினை எழுப்புவது ஒரு தனிக் கலை. ஸ்பார்க் பிளக் கிடையாது, க்ளோ பிளக். உள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள். ஒன்றரை வோல்ட் கொடுத்தால் செம்மஞ்சளாகப் பழுக்கும். ஓடத் தொடங்கிய பிறகு மின்சாரத்தை எடுத்துவிடலாம். பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் பட்டு நடக்கும் வினையும் அழுத்தத்தின் சூடும் சேர்ந்து சுருளைத் தொடர்ந்து ஒளிர வைக்கும். பிளக்கைக் கழற்றிச் சோதித்தேன், பளிச்சென்று எரிந்தது. மெயின் நீடிலை முழுக்க மூடி, இரண்டு சுற்று திறந்தேன். இன்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் தாழ்ந்த நிலை. ரோட்டர் ஹெட்டை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஸ்டார்ட்டர், அதன் நீண்ட அறுகோணத் தண்டை மேலிருந்து செருகி அழுத்த வேண்டும். த்ராட்டில் அதிகமாக இருக்கும்போது இன்ஜின் பிடித்துக்கொண்டால் கிளட்ச் இழுத்து, நீங்கள் பிடித்திருக்கும் ரோட்டர் சுற்றப் பார்க்கும். ஆரம்பநிலையில் உள்ளவர் இதைத் தனியாகச் செய்யக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

பிடித்தது. வெள்ளைப் புகை, விளக்கெண்ணெய் வாசனை. உண்மையிலேயே சந்தோஷமான சத்தம் அது, மறைத்துப் பயனில்லை. ஆனால் ஹோவருக்கு, அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தத் தூக்கினால் 'புருபுரு' என்று திணறியது: எரிபொருள் மிகுதி. நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு க்ளிக்காக மூடிக்கொண்டே வந்தோம். மூடினால் சக்தி ஏறும், புகை மெலியும். அந்தச் சுகத்தில் இன்னும் இரண்டு க்ளிக் மூடினால் புகை நின்று, சத்தம் கிரீச்சென்று உயர்ந்து, பிஸ்டன் சூட்டில் உரசிப்போகும். ஏனென்றால் இந்த இன்ஜினுக்கு எண்ணெய் வருவதே எரிபொருளோடுதான். எரிபொருள் குறைந்தால் குளிர்ச்சியும் மசகும் சேர்ந்தே குறையும். இறக்கியவுடன் இன்ஜினை நிறுத்திப் பின்தட்டில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். மூன்று நான்கு விநாடி தாங்க முடிந்தால் சரி, சுரீரென்று விரலை எடுக்க வைத்தால் நீடிலைத் திறக்க வேண்டும். தாழ்வேக நீடிலுக்கு வேறு சோதனை: ஐடிலில் ஓடும்போது எரிபொருள் குழாயை நசுக்கினால், இரண்டு மூன்று விநாடியில் வேகம் லேசாக ஏறிப் பிறகு நிற்க வேண்டும். நசுக்கியதும் பட்டென்று நின்றால் எரிபொருள் போதவில்லை. ரொம்ப நேரம் இழுத்துக்கொண்டு ஓடினால் அதிகம்.

இவ்வளவும் செய்து வைத்த அமைப்பு மதிய வெயிலில் கொஞ்சம் மாறும், மழைக்கு முந்தின ஈரக் காற்றில் இன்னும் கொஞ்சம் மாறும். அனுபவசாலிக்கு அது காதில் கேட்கும். எனக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, "இப்ப இரண்டு க்ளிக் திறங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டிக்கில் கையை வைத்துப் பறக்கப் பழகிய நேரம் அன்றைக்கு மிகக் குறைவு. இன்ஜினோடு போன நேரமே அதிகம். நைட்ரோ முதலில் இன்ஜினைக் கற்றுக்கொடுக்கும், அப்புறம்தான் பறப்பதை.

ஆனால் தூக்கிய பிறகு அந்த 30 அளவு ஹெலி காட்டிய நிதானத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எடை இருப்பதால் சின்னக் காற்றுக்கு அசையவில்லை. தூரத்திலும் எந்தப் பக்கம் மூக்கு, எந்தப் பக்கம் வால் என்று தெரிந்தது. 300 மில்லி டேங்குக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடியது. தீர்ந்தால் ஊற்று, மறுபடியும் ஓட்டு. மின்சாரத்தில் இந்தச் சொகுசு கிடையாது.

450-க்கு வருவோம். இதில் வேலை முழுவதும் வீட்டு மேசையிலேயே நடந்தது, சத்தமில்லாமல். முதல் விதி, மோட்டாரிலிருந்து அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி பெட்டிக்குப் போகும் மூன்று ஒயரில் இரண்டைக் கழற்றிவிட்டுத்தான் டிரான்ஸ்மிட்டரில் எதையும் மாற்ற வேண்டும். நைட்ரோ தானாகக் கிளம்பாது. பேட்டரி செருகிய மின்சார ஹெலி, ஒரு தப்பான ஸ்விட்ச்சில் மேசை மேலேயே முழு வேகமெடுக்கும்.

ஸ்டிக் நடுவில் இருக்கும்போது செர்வோ எனும் மூன்று சிறு மோட்டார்களின் ஆர்ம்களும் படுக்கையாக, அவை அசைக்கும் ஸ்வாஷ்பிளேட் என்ற வட்டத்தட்டு மட்டமாக, பிளேடின் கோணம் பூஜ்யமாக இருக்க வேண்டும். செர்வோ ஆர்மில் இருக்கும் பற்கள் இதற்குச் சரியாக ஒத்துழைக்காது. ஒரு பல் இந்தப் பக்கம் போனால் மேலே தூக்குகிறது, அந்தப் பக்கம் போனால் கீழே. ஆர்மை நூற்றெண்பது டிகிரி திருப்பிப் போட்டுப் பார்த்தால் சில சமயம் நடுவாக உட்காரும். மிச்சத்தை டிரான்ஸ்மிட்டரில் நுண்திருத்தம் செய்யும் சப்-டிரிம்மில் சரிசெய்தேன். கோணம் அளக்கும் பிட்ச் கேஜை பிளேடில் மாட்டி, முழு ஸ்டிக்கில் பிளஸ் 10, கீழே மைனஸ் 10 டிகிரி வைத்தேன். ஹோவர் 5 முதல் 6 டிகிரிக்குள் வரும். ஆரம்பத்தில் கீழ்ப்பக்கம் மைனஸ் 3 போதும் என்று பலர் வைப்பார்கள். காற்றில் மேலே இழுத்துக்கொண்டு போகும்போது இறக்குவதற்கு அதுவே போதுமானது.

இதில் ரோட்டரை நிலைப்படுத்தும் பழைய குறுக்குத் தண்டான ஃப்ளைபார் இல்லை. மூன்று அச்சு கைரோ பெட்டி ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. பறக்கவிடும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது திருத்தத்தின் திசை. ஹெலியைக் கையில் பிடித்து மூக்கைக் கீழே சாய்த்தால், ஸ்வாஷ்பிளேட் பின்பக்கம் சாய வேண்டும். மூக்கை இடப்பக்கம் திருப்பினால், டெயில் செர்வோ, ஸ்டிக்கில் வலது ரட்டர் (மூக்கை வலப்பக்கம் திருப்பும் கட்டளை) கொடுத்தது போல அசைய வேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தாலும் ரோட்டர் வேகமெடுத்த நொடியில் ஹெலி கவிழும். இதைச் சரிபார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.

பேட்டரி 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்), 2200 மில்லி ஆம்பியர்-மணி. ஒரு செல்லுக்கு முழுச் சார்ஜ் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் கெட்டுவிடும். எண்பது சதவீதம் செலவானதும் இறங்கிவிட வேண்டும் என்பது வழக்கம். ஹோவருக்குச் சராசரியாக 15 ஆம்பியர் என்று வைத்தால் 2.2 ஆம்பியர்-மணியில் எண்பது சதவீதமான 1.76-ஐ 15-ஆல் வகுத்து, ஏழு நிமிடம் வருகிறது. டைமரை ஐந்தில் வைத்தேன். சார்ஜ் ஏற ஒரு மணி நேரம். ஆக ஒரே ஒரு பேட்டரியோடு மைதானத்துக்குப் போவது வீண். குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின். 'பேட்டரி ஹெலி மலிவு' என்பது பாதி உண்மைதான். நைட்ரோவில் எரிபொருளுக்குக் கொடுப்பதை இதில் முன்பணமாகக் கொடுத்துவிடுகிறோம்.

லைப்போவும் சாதுவான சாமான் இல்லை. உப்பிய பேக்கைச் சார்ஜ் போடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது வீட்டை விட்டுப் போகக் கூடாது. சிமென்ட் தரையில் மண்தொட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு சார்ஜ் செய்கிறேன். ஓட்டாத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் சுமாரில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது பேட்டரி தலையணையாக இருக்கும்.

ஓட்டியது கிணத்துக்கடவு பக்கம் ஒரு தரிசு நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு. கோவையில் பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. ஆகவே ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா என்று பார்த்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக, கண்பார்வைக்குள் ஓட்டும் 25 கிலோ வரையிலான மாடல்களை 2021 ட்ரோன் விதிகள் தனி வகையாகவே வைத்திருக்கின்றன. இன்னொரு தடை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் காலை ஏழரைக்கு மேல் 450-ஐ வெளியே எடுப்பதில் அர்த்தமில்லை. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஏனுங் தம்பி, இதுல மருந்து அடிக்கலாங்களா?" என்று கேட்டார். இல்லைங்க ஐயா, சும்மா ஓட்டத்தான் என்றேன். "சும்மாவா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஹெலி தரையில் நிற்கும் கால்களான ஸ்கிட்டுக்குக் கீழே குறுக்காக இரண்டு நீளக் குச்சி, நுனிகளில் பிளாஸ்டிக் பந்து. பயிற்சிக் கால் என்பது இதுதான். வால் நம்மைப் பார்த்து, மூக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வைத்து, தரையை உரசி உரசித் தொடங்க வேண்டும். ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று. அதற்கு எதிர்வினையாக உடல் இடமாகத் திரும்பப் பார்க்கும். டெயில் ரோட்டர் அதைத் தடுக்கும்போது ஹெலி முழுவதும் மெல்ல இடப்பக்கம் நகரும். அதனால் ஹோவரில் ஹெலி எப்போதும் வலப்பக்கம் துளி சாய்ந்தே நிற்கும். அது கோளாறில்லை, டிரிம்மைப் போட்டு நிமிர்த்தப் போகாதீர்கள். 450 துடிப்பான ஜாதி. 30 அளவு ஹெலி ஒரு விநாடி அவகாசம் கொடுக்கும் இடத்தில் இது அரை விநாடிகூடக் கொடுக்காது. அந்தக் குறையைச் சிமுலேட்டர் நிரப்பும். அசல் டிரான்ஸ்மிட்டரையே கணினியில் செருகி, ராத்திரியில் நூறு முறை விழுந்து எழுந்தால் செலவு மின்கட்டணம் மட்டும்.

ஒரு காற்றுச் சுழலில் 450 பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. த்ராட்டில் ஹோல்ட் ஸ்விட்ச்சைத் தட்டிய கணமே மோட்டார் நின்றது. என் கணக்கில் மின்சாரத்துக்கு முழு மதிப்பெண் இங்கேதான். நைட்ரோ விழுந்தால் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், கிளட்ச் இழுத்துக்கொண்டிருக்கும், சூடான மஃப்ளரின் மேல் எரிபொருள் சொட்டும். அதே போல ஹோவரில் நைட்ரோ இன்ஜின் அணைந்துபோனால் ஆட்டோரொடேஷனில், அதாவது இன்ஜின் இல்லாமல் ரோட்டரின் சுழற்சியை வைத்தே இறக்க வேண்டும். புதியவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் ஒரு மீட்டர் உயரத்தில் நேரமில்லை.

சேதம்: பிளேடு இரண்டும், அவற்றைத் தாங்கும் ஃபெதரிங் ஷாஃப்ட், மெயின் ஷாஃப்ட், மெயின் கியர், ஒரு செர்வோவின் பல்சக்கரம். ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டி, பின்னால் விளக்கு வைத்துப் பார்த்தேன். அடியில் ஒளிக்கீற்று விரிந்து சுருங்கினால் வளைவு. ஃபெதரிங் ஷாஃப்ட் அப்பட்டமாக ஆடியது. புதியது போட்டு, உலோகத்தில் உலோகம் ஏறும் மரை எல்லாவற்றிலும் மரை தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு துளி விட்டேன். மெயின் கியருக்கும் மோட்டாரின் சிறு பல்சக்கரமான பினியனுக்கும் நடுவே ஒரு துண்டு நோட்டுக் காகிதத்தைக் கொடுத்து அழுத்தி மோட்டாரை முறுக்கினால் பல்லிடைவெளி சரியாக வரும். டெயில் பெல்ட் வகையாக இருந்ததால் அந்தப் பக்கம் செலவே வரவில்லை. இதே விழுதல் 30 அளவில் நடந்திருந்தால் பாகங்களின் பட்டியல் இதேதான், விலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

சின்னது என்பதால் 450-ஐப் பொம்மையாக நினைத்துவிடாதீர்கள். 70 செ.மீ. விட்டம், நிமிடத்துக்கு 2,500 சுற்று என்றால் பிளேடின் நுனி மணிக்கு 330 கி.மீ. வேகத்தில் போகிறது. 30 அளவில் 1,700 சுற்றுக்கே 400 கி.மீ. வரும், எடையும் கூட. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய பெரிய ஆர்சி ஹெலியே தலையில் பட்டு இறந்தார், அவர் அனுபவமுள்ளவர். பத்து மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்றுதான் எதையும் தூக்க வேண்டும், வேடிக்கை பார்க்கிறவர்கள் நமக்குப் பின்னால்.

பழைய ஆட்கள் '30 நைட்ரோவில் தொடங்கு' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் ஆர்சி ஹெலிகாப்டரை நடைமுறைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து நெடுங்காலம் இது க்ளோ இன்ஜினின் உலகமாகத்தான் இருந்தது. நிக்கல் கேட்மியம் பேட்டரியின் கனத்தைத் தூக்கிக்கொண்டு உருப்படியாகப் பறக்க முடியவில்லை. லைப்போவும் பிரஷ் இல்லாத மோட்டாரும் மலிந்த பிறகு அந்த அறிவுரைக்கு அடிப்படை போய்விட்டது. இன்றைக்கு என்னைக் கேட்டால் மின்சாரம்தான், 450-இலிருந்து. கையில் காசு இருந்தால் ஓர் அளவு மேலே, 500 வகை; காற்றுக்கு இன்னும் நிதானமாக நிற்கும். இன்ஜின் ஒலியைக் கேட்டே நோய் சொல்லும் காது உங்களுக்கு இருந்து, சட்டப்படி எரிபொருள் கிடைத்து, பக்கத்தில் ஒரு குருவும் இருந்தால் மட்டும் நைட்ரோ.

வாங்குவது இங்கே பெரும்பாலும் பழையதாகவே அமையும். 2022 பிப்ரவரி முதல் முழு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது, உதிரிபாகங்களுக்கு இல்லை. சுங்கத்தில் ஒரு முழு ஹெலியை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை. பழையதைப் பார்க்கப் போனால் ரோட்டர் ஹெட்டைக் கையால் மெல்லச் சுற்றி மெயின் கியர் மேலும் கீழும் அலைகிறதா என்று பாருங்கள். பிளேடு கிரிப்பை அச்சின் வாக்கில் இழுத்துத் தள்ளுங்கள், கடகடவென்றால் பேரிங் போயிருக்கும். செர்வோக்களை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பல் இடறுகிறதா என்று உணருங்கள். கூடவே கொடுக்கும் பழைய லைப்போக்களுக்கு விலையில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள்.